அண்ணனை வெட்டியெடுத்த படம்

1

இந்த வருடப் பிறந்தநாளுக்கு மகள் எனக்கு ஒரு வெறும் புத்தகத்தைப் பரிசாகத் தந்தாள். தடித்த அட்டை, சாம்பல் நிறத் துணி போர்த்தியது. உள்ளே ஒரு எழுத்தும் இல்லை, கெட்டியான பால்நிறத் தாள்கள் மட்டும். கூடவே ஒரு பெட்டி. அதற்குள் அலை அலையாக வெட்டும் கத்தரிக்கோல், பூப்போட்ட ஒட்டு நாடாக்கள், படத்தின் நான்கு மூலைகளையும் பிடித்துக்கொள்ளும் சின்னஞ்சிறு முக்கோணங்கள்.

"அம்மா, ஊர்ப் படங்களை ஒரு இடத்தில வைக்க வேணுமெண்டு நீங்க எப்பவும் சொல்லுவீங்கதானே. இதில ஒட்டுங்க. பக்கத்தில கதையையும் எழுதுங்க. நான் வாசிக்கிறன்" என்றாள்.

ஆரணி சுவிஸில் பிறந்தவள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு அவளைப் பனியிலும் மழையிலும் பஸ் மாறிமாறிக் கூட்டிப்போனேன். இப்போது தமிழ்க் கடையின் பெயர்ப்பலகையைக்கூட எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். வாசிக்கிறேன் என்று அவள் சொன்னதை நான் திருத்தவில்லை. ஆசையோடு சொன்னாள், அது போதும் என்று விட்டுவிட்டேன்.

படம் ஒட்ட ஒரு புத்தகமா, அதற்கு இத்தனை சாமானா என்று ஊரில் இருக்கிற நீங்கள் கேட்பீர்கள். இங்கே இது பெரிய பொழுதுபோக்கு. கடைகளில் இதற்கென்று தனி அலுமாரி உண்டு. நான் ஒரு முதியோர் இல்லத்தில் சலவைப் பகுதியில் வேலை செய்கிறேன். மடித்த துணிகளை அறைகளுக்குக் கொண்டுபோகும்போது மேசைகளில் இப்படிப்பட்ட புத்தகங்களைப் பார்ப்பேன். சொந்தப் பெயர் மறந்துபோனவர்கள்கூட அதைத் திறந்துவைத்துக்கொண்டு, இது என் தங்கை, இது எங்கள் நாய் என்று எனக்குக் காட்டுவார்கள். எனக்கும் ஒன்று வேண்டும் என்று பலமுறை நினைத்ததுண்டு. போன வருடம் எங்கள் ஊரான பழுகாமத்தில் அம்மா இறந்த பிறகு அந்த நினைப்பு கூடியது. செத்தவீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, வாசலில் கட்டிய பந்தலை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெட்டியில் பசை இல்லை. பழைய படங்களுக்குச் சாதாரணப் பசை கூடாதாம், கொஞ்ச நாளில் மஞ்சளாக்கிவிடுமாம். வேலை முடிந்து அதற்கான கடைக்குப் போனேன். இந்த மொழியில் ஒட்டுவதற்கு 'கிளேபன்' என்று பெயர், வாழ்வதற்கு 'லேபன்'. களைத்துப்போன நாக்கு முதல் எழுத்தை விழுங்கிவிட்டது. "நான் பழைய படங்களோடு வாழ வேண்டும், அதற்கு என்ன இருக்கிறது?" என்று கடைக்காரப் பெண்ணிடம் கேட்டிருக்கிறேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், பிறகு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பசை இருக்கும் தட்டுக்குக் கூட்டிப்போனாள். அந்தச் சிரிப்பில் கெடுதல் ஒன்றுமில்லை. ஆனாலும் என் வயதில் பாதிக்கு மேல் இந்த நாட்டில் கழித்துவிட்டு ஒரு பசை வாங்கத் தெரியவில்லையே என்று வீடு வந்து சேரும்வரை குமைந்தேன்.

2

எங்கள் நகர நூலகத்தின் மேல்மாடியில் சனிக்கிழமை மத்தியானங்களில் இதற்கு ஒரு வகுப்பு நடக்கிறது. ஆரணிதான் என் பெயரைக் கொடுத்தாள். நடத்துபவர் உர்சுலா என்ற ஓய்வுபெற்ற பெண்மணி. என்னோடு படிக்க வந்தவர்கள் எல்லோரும் இந்த ஊர்ப் பெண்கள்.

அவர்களுடைய கவலை, படங்கள் அதிகம் என்பது. ஒருத்தி மூன்று சப்பாத்துப் பெட்டிகளோடு வந்தாள். இன்னொருத்தியின் தாத்தாவுக்கே தொட்டிலில் கிடந்த காலம் முதல் படம் இருந்தது. என்னிடம் இருந்தது தங்கச்சி தவம் அனுப்பிய ஒரு கடித உறை. அம்மாவின் தகரப் பெட்டியில் இருந்ததெல்லாம் அவ்வளவுதான் என்று, ஊருக்கு வந்து திரும்பிய ஒருவரிடம் கொடுத்துவிட்டிருந்தாள். இடம்பெயர்ந்து ஓடியபோது சில போயின, வீட்டுக்குள் வெள்ளம் ஏறிய வருடம் சில ஒன்றோடொன்று ஒட்டிப் போயின. மிஞ்சியவை ஒரு கைப்பிடிக்குள் அடங்கின.

"ஆரம்பத்திலிருந்து தொடங்காதீர்கள்" என்றார் உர்சுலா. "எந்தப் படத்தைத் தாண்டிப்போக உங்களால் முடியவில்லையோ, அதிலிருந்து தொடங்குங்கள். தேவையில்லாத மூலைகளையும் ஆட்களையும் வெட்டிவிடலாம். பக்கம் அழகாக வரும்."

எல்லோரும் கத்தரிக்கோலை எடுத்தார்கள். நான் உறையிலிருந்து அந்தப் படத்தை எடுத்தேன். அது ஏற்கெனவே வெட்டப்பட்டிருந்தது.

அமிர்தகழித் தீர்த்தத் திருவிழாவுக்குப் போனபோது எடுத்த படம் அது. கோயில் வீதியில் கடைகளோடு கடையாக ஒரு படம்பிடிப்பவர் கொட்டில் போட்டு, மலையும் அன்னமும் வரைந்த திரை கட்டியிருந்தார். அப்பாவும் அம்மாவும் கதிரைகளில் இருக்கிறார்கள். அம்மாவின் மடியில் தவம். அம்மாவுக்குப் பக்கத்தில், கையில் பலூனோடு நான். எங்களுக்குப் பின்னால் அண்ணன் குணம் நின்றான். அந்த இடத்தில் இப்போது படத்தின் மேல் விளிம்பிலிருந்து கீழே இறங்கும் ஒரு வெட்டுத்தான் இருக்கிறது. அவன் நின்ற உயரத்துக்கு, அவன் நின்ற அகலத்துக்கு ஒரு வெளி.

வெட்டியது அம்மா. அந்தப் படம் எடுத்துச் சில வருடங்கள் கழித்து, வட்டையில் விதைத்த வயலுக்குப் பசளை வாங்க என்று அண்ணன் சைக்கிளில் பாலம் கடந்து டவுனுக்குப் போனான். திரும்பி வரவில்லை. சைக்கிளும் வரவில்லை. அம்மா போய்க் கேட்காத இடம் இல்லை, நிற்காத வாசல் இல்லை. அதற்குப் பிறகு சுற்றிவளைப்புகள் தொடங்கின. இராணுவத்தினர் வீடு வீடாக வந்து சுவரில் தொங்கும் படங்களைப் பார்த்தார்கள். படத்தில் ஒரு வாலிபன் இருந்து வீட்டில் அவன் இல்லையென்றால், இயக்கத்துக்குப் போய்விட்டான் என்று அந்த வீட்டுக்கு வில்லங்கம். இரண்டு வளவு தள்ளி இருந்த ஒரு தகப்பனை அப்படித்தான் கூட்டிக்கொண்டு போனார்கள். அன்று மத்தியானம் அம்மா படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றினார். வெட்டியெடுத்த துண்டை அடுப்பில் போட்டார். அடுப்படியில் நின்று அது சுருண்டதை நான் பார்த்தேன். வேறு இரண்டொரு படங்கள் இருந்தன, அவையும் அன்றே எரிந்தன. அவனுடைய அடையாள அட்டை அவனோடே போய்விட்டது.

பக்கத்து மேசைப் பெண் எட்டிப் பார்த்து, "ஓ, நீங்கள் ஏற்கெனவே வெட்டத் தொடங்கிவிட்டீர்கள்" என்றாள். ஆமாம் என்றேன். வேறு எப்படிச் சொல்வது?

இந்த நாட்டில் எனக்கு அண்ணனைப் பற்றிச் சொல்ல எப்போதும் மொழி போதவில்லை. குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோது நேர்காணலில் ஒரு அதிகாரி, சகோதரர்கள் எத்தனை பேர் என்று கேட்டார். இரண்டு என்றேன். இருவரும் உயிரோடு இருக்கிறார்களா? ஒருத்தி இருக்கிறாள். அப்படியானால் மற்றவர் இறந்துவிட்டாரா? இல்லை என்றேன். அப்படியானால் இருவரும் உயிரோடு இருக்கிறார்கள். அதற்கும் இல்லை என்றேன். அவர் பொறுமையான மனிதர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, 'தெரியாது' என்று எழுதிக்கொண்டார். அண்ணன் இந்த நாட்டுக்குள் வந்தது அந்த ஒரு சொல்லாகத்தான். ஊரிலும் அம்மாவிடம் மரணச் சான்றிதழ் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். "அவன் செத்தான் எண்டு நான் கையெழுத்து வைக்கமாட்டன்" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். வைக்காமலே போய்ச் சேர்ந்தார்.

3

ஆரணி வேறு நகரத்தில் வேலை செய்கிறாள். மாதத்தில் ஒரு ஞாயிறு வருவாள், சாப்பிடுவாள், சாப்பாட்டை டப்பாக்களில் அடைத்துக்கொண்டு ரயில் ஏறுவாள். அப்படி வந்த ஒரு ஞாயிறு, மேசையில் கிடந்த படத்தைப் பார்த்தாள்.

"இந்த ஓட்டை என்ன?"

"அதிலதான் என்ட அண்ணன் நிண்டவர்."

அவளுக்கு ஒரு மாமா இருந்தார், காணாமல் போய்விட்டார் என்பது தெரியும். பிள்ளைகளுக்கு எவ்வளவு சொல்லலாமோ அவ்வளவுதான் சொல்லி வளர்த்திருந்தேன். அவள் அந்த வெட்டின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு கைபேசியில் படம் எடுத்துக்கொண்டாள்.

சில நாள் கழித்து, வேலையில் துணி உலர்த்தும் இயந்திரத்தின் முன்னால் நிற்கும்போது அவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. திறந்தால் அதே படம். வெட்டு இல்லை. அப்பா, அம்மா, தவம், பலூனோடு நான். எங்களுக்குப் பின்னால் வெள்ளைச் சட்டையோடு ஒரு பையன் சிரித்துக்கொண்டு நின்றான்.

"அண்ணா!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். கூட வேலை செய்தவள் திரும்பிப் பார்த்தாள். ஒரு நொடி கழிந்த பிறகுதான் அது அவன் இல்லை என்று தெரிந்தது. அப்பாவின் நெற்றி, என் கண், அம்மாவின் வாய், எல்லாம் இருந்தன. எல்லாவற்றையும் சேர்த்துக் கணினி ஒரு நல்ல பையனைச் செய்திருந்தது. அவனை நான் ஒருநாளும் கண்டதில்லை.

அன்று வேலை முடிந்ததும் அவளை அழைத்தேன்.

"வடிவா வந்திருக்கா அம்மா?" என்றாள். குரலில் அத்தனை சந்தோசம்.

"வடிவாத்தான் இரிக்கு. ஆனா ஆரணி, இது அவர் இல்ல."

"பரவாயில்ல, மாத்தலாம். நீங்க சொல்லுங்க. மூக்கு எப்பிடி? கண் சின்னனா, பெரிசா? தலைமயிர் சுருளா?"

மூக்கு எப்படி? என் அண்ணனின் மூக்கு எப்படி இருந்தது? கண்ணை மூடினேன். வெள்ளைச் சட்டைக்காரப் பையன்தான் வந்து சிரித்துக்கொண்டு நின்றான். அவனைத் தள்ளிவிட்டுப் பின்னால் பார்க்க முயன்றேன். பின்னால் யாரும் இல்லை.

"அம்மா? இரிக்கிறீங்களா?"

"இரிக்கிறன். மறுகா கதைக்கிறன் மனே" என்று மகளிடம் சொல்லி அழைப்பை முடித்தேன்.

படத்தை வைத்துக்கொள்ளாத குடும்பங்கள் ஆட்களை நினைவில் வைத்திருக்கும் என்று நான் நம்பியிருந்தேன். அண்ணனின் முகம் எனக்குள்ளே பத்திரமாக இருக்கிறது, எடுக்க வேண்டிய நாளில் எடுக்கலாம் என்று இருந்தேன். அது எப்போது போனது என்றே தெரியவில்லை. பஸ்ஸில் போகும்போது, துணி மடிக்கும்போது, இந்த மொழியின் சொற்களை மனப்பாடம் செய்யும்போது கொஞ்சம் கொஞ்சமாக அழிந்திருக்க வேண்டும். மிச்சம் இருந்ததையும் இந்தப் பையன் வந்து மூடிவிட்டான். மகளைக் குறை சொல்ல மனம் வரவில்லை. வெறுமையாகக் கிடந்த இடத்தை எனக்காக நிரப்பித் தர நினைத்தாள், அவ்வளவுதான்.

தவத்தை அழைத்துக் கேட்டேன். அண்ணன் போனபோது அவள் சின்னப் பிள்ளை.

"எனக்கு அவர் தோளில தூக்கிப் போனது மட்டும்தான் ஞாபகம் அக்கா. மேல இருந்து பாத்ததால தலைமயிரும் காதும்தான் தெரியும்" என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "மலரக்காட்டக் கேட்டுப் பாத்தா என்ன? அவக்கு அண்ணன் ஒரு சின்னப் படம் குடுத்திரிந்தாரெண்டு அம்மா ஒருக்காச் சொன்னவ."

மலரக்கா பனிச்சங்கேணிக்காரி. அங்கே எங்கள் மாமா ஒருவருக்கு வயல் இருந்தது. நெல் வெட்டுக் காலத்தில் அண்ணன் போய் நிற்பான். பக்கத்து வளவில் மலரக்கா. இரண்டு வீட்டிலும் பேசி முடித்துவிட்டார்கள், நாள் வைக்கத்தான் இருந்தது. நான் அப்போதே அவரை அண்ணன் மனைவி முறைக்கு மச்சாள் என்று கூப்பிடத் தொடங்கியிருந்தேன். அண்ணன் போன பிறகு பல வருடம் இருந்து பார்த்துவிட்டுத்தான் வேறு இடத்தில் கலியாணம் முடித்தார்.

"அவ குடும்பமாகி இரிக்கிறா. நாம போய் அந்தக் கதையை எடுக்கிறது சரியா?" என்று தவத்திடம் கேட்டேன்.

"கேட்டுப் பாப்பமே. குடுக்கச் சொல்லியா கேக்கிறம்? ஒருக்காப் பாத்தாப் போதும்" என்றாள் தவம்.

4

அம்மாவின் ஆண்டுத் திவசத்துக்குப் பழுகாமம் போனேன். ஆரணியும் லீவு எடுத்துக்கொண்டு வந்தாள். நான் கேட்டுக்கொண்டபடி தவம் படத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், நாங்கள் வந்து பார்க்கப்போகிறோம் என்று மட்டும் மலரக்காவுக்குச் சொல்லி அனுப்பியிருந்தாள். படையல் முடிந்த மறுநாள் காலை ஒரு வான் வண்டி பிடித்து நாங்கள் இருவரும் வடக்கே புறப்பட்டோம். வழி நெடுக ஆரணி ஜன்னலோரம் இருந்து ஆற்றையும் இறால் வலை போட்ட தோணிகளையும் படம் எடுத்துக்கொண்டு வந்தாள். நான் பிளாஸ்டிக் உறைக்குள் அந்தப் படத்தைப் போட்டு மடியில் வைத்திருந்தேன். என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்பதே வழியெல்லாம் யோசனையாக இருந்தது.

மலரக்காவே வாசலுக்கு வந்துவிட்டார். நரைத்து, மெலிந்து, ஆனால் அதே வேகமான நடை. "தங்கச்சி!" என்று என் இரண்டு கன்னத்தையும் பிடித்தார். நான் "மலரக்கா" என்றேன். அப்படியே அது முடிந்துவிட்டது.

அவருடைய கணவர் மாமர நிழலில் வலையில் சிக்கியிருந்த பாசியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்து ஆரணியைப் பார்த்து, "இவ்வளவு வளந்த புள்ளயா?" என்று கேட்டுவிட்டு எங்களுக்குக் கதிரை எடுத்துப் போட்டார். தேத்தண்ணி வந்தது. அம்மாவின் கடைசி நாட்களைப் பற்றிப் பேசினோம், பிள்ளைகளைப் பற்றிப் பேசினோம். கணவரை வைத்துக்கொண்டு எப்படிக் கேட்பது என்று நான் தவித்தேன். மலரக்காவும் எதையோ சொல்ல வந்து வந்து நிறுத்துவதுபோல இருந்தது.

கடைசியில் அவர்தான் கேட்டார்.

"தங்கச்சி, நான் ஒண்டு கேட்டா கோவிக்கமாட்டியே? அம்மாட பெட்டிக்குள்ள அவர்ர படம் கிடந்திரிக்குமே. எனக்கு ஒண்டு எடுத்துத் தருவியா?"

எனக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியபோது கையில் இருந்த தேத்தண்ணியைக் கீழே வைத்தேன்.

"நானும் அதுக்குத்தான் வந்தன் மலரக்கா. ஒங்ககிட்ட ஒரு சின்னப் படம் இரிக்காமே."

அவர் தலையை ஆட்டினார். "இரிந்தது. சுனாமில கடல் வரக்குள்ள பெட்டியோட போயிற்று. வீடே போன நேரம், படத்த ஆரு நினைக்கிறது? எல்லாம் முடிஞ்சு கொட்டில் போட்டு இரிந்த பிறகுதான் நினைப்பு வந்த. மறுகா ஒங்கட வீட்ட இரிக்குமெண்டு மனசத் தேத்திக்கிட்டன்."

"நான் எத்தினை தரம் சொன்னன்" என்றார் அவருடைய கணவர், வலையிலிருந்து தலையைத் தூக்காமல். "பழுகாமத்துக்குப் போய் மாமிட்டக் கேளன் எண்டு. பஸ்ஸுக்குக்கூட வெளிக்கிட்டுப் போட்டு, எந்த முகத்தோட போறதெண்டு திரும்பி வந்திட்டா."

மலரக்காவிடம் இருக்கும் என்று நான் நம்பினேன், எங்களிடம் இருக்கும் என்று அவர் நம்பினார். அத்தனை காலம் ஆளுக்கு ஒரு கரையில் இருந்துகொண்டு மற்றக் கரையைப் பார்த்திருக்கிறோம்.

ஆரணி மெல்லத் தன் கைபேசியை எடுத்து, "அன்ரி, நான் ஒரு படம் செய்திருக்கிறன். பிழையாத்தான் இருக்கும். பாக்கிறீங்களா?" என்றாள்.

மலரக்கா அதை வாங்கித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "இது ஆருட புள்ள?"

ஆரணி விளக்கினாள். மலரக்கா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு அவள் தலையைத் தடவினார். "வடிவான பொடியன்தான் மனே. இது அவர் இல்ல."

"அப்ப நீங்க ரெண்டு பேரும் சொல்லுங்க. நான் மாத்துறன்."

நாங்கள் சொல்லத் தொடங்கினோம். நெற்றி சின்னது என்றார் மலரக்கா. அகலம் என்று எனக்கு ஞாபகம். தாடையில் ஒரு வெட்டுத் தழும்பு இருந்தது என்றார், நான் அதைப் பார்த்ததே இல்லை. வீடு அதிரச் சிரிப்பான் என்று நான் சொன்னதற்கு, "சிரிக்கிறதா? அவரு பல்லக் காட்டினத நான் காணல்ல. கூச்சப்பட்ட ஆள்" என்றார். அவர் சொன்னது, கலியாணம் பேசிய ஒரு வாலிபனை. நான் தேடியது, எனக்குப் பலூன் வாங்கித் தந்த பொடியனை. ஆரணியின் விரல் பட்டுப் பட்டு முகங்கள் மாறின. மீசை வந்தது, போனது. ஒவ்வொரு முகமும் முந்தியதைவிட இன்னும் தூரத்தில் இருந்தது.

"விடு மனே" என்றார் மலரக்கா. "போதும்."

ஆரணி கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. சின்ன வயதில் விழுந்து முழங்கால் உரசினால்கூட அழாத பிள்ளை.

"அந்த வெட்டின படத்தையாவது காட்டு" என்று மலரக்கா என்னிடம் கேட்டார். உறையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவர் உள்ளே போய்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து, வெயில் விழும் பக்கமாகக் கிறுகித் திரும்பி நின்று பார்த்தார். அப்பாவைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். வெட்டின் ஓரமாக அவர் பார்வை இறங்கிக்கொண்டே வந்தது. பிறகு அசையாமல் நின்றார்.

"தங்கச்சி, இஞ்ச வா. ஒன்ட தோளில இரிக்கிறது என்ன?"

"சட்டையில வைச்ச சுருக்கு."

"சுருக்கா? வடிவாப் பாரு."

நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். வருடக்கணக்காக, அம்மாவைப் பார்க்க வந்த ஒவ்வொரு முறையும் நான் எடுத்துப் பார்த்த படம் அது. என் வலது தோளில் வெளிறிப்போய்த் தெரிந்ததைத் துணியின் மடிப்பு என்றுதான் எப்போதும் நினைத்திருந்தேன். மடிப்பு இல்லை. நான்கு விரல்கள். பின்னால் நின்றவன் என் தோளில் கை வைத்திருக்கிறான். கடைசி விரல் மட்டும் மற்ற விரல்களோடு சேராமல் விலகி, உள்ளுக்கு வளைந்து நின்றது.

"இது அவர்ர கை" என்றார் மலரக்கா. "சின்ன விரல் அப்பிடித்தான். சோறு தின்னக்குள்ள அது மட்டும் எட்டத்தில நிக்கும். நான் பகிடி பண்ணுவன்."

மாட்டுக் கயிறு இறுக்கி முறிந்த விரல் அது. எனக்கு அது தெரியும். எனக்கு அது நன்றாகத் தெரியும். சைக்கிளின் முன் கம்பியில் என்னை ஏற்றிக்கொண்டு போகும்போது கைப்பிடியில் சேராமல் நிற்கும், நான் அதைப் பிடித்துக்கொண்டு போவேன். முகம் வரவில்லை. எவ்வளவு நேரம் நின்று பார்த்தும் வரவில்லை. விரலின் சூடுதான் வந்தது.

"வெட்டினது ஆரு?" என்று கேட்டார் மலரக்கா.

"அம்மா."

அவர் அந்த வெட்டின் ஓரத்தை நகத்தால் தொட்டுக் காட்டினார். தலையிலிருந்து முழங்கைவரை ஒரே இழுப்பில் வெட்டியிருக்கிறது. மணிக்கட்டுக்கு வந்ததும் கத்தரிக்கோல் வேகம் குறைந்திருக்கிறது. ஒவ்வொரு விரலாக ஏறி இறங்கி, வளைந்த விரலுக்கு வளைந்து கொடுத்து, என் தோளில் இருந்த பங்கைத் தொடாமல் விட்டிருக்கிறது.

"பயத்தில வெட்டின ஆளு இப்பிடி வெட்டமாட்டா. தெரிஞ்சுதான் விட்டிரிக்கா" என்றார்.

அடுப்பில் துண்டு சுருண்டதை மட்டுமே நான் பார்த்தேன். அதற்கு முன்பு அம்மா எவ்வளவு நேரம் கத்தரிக்கோலோடு இருந்தார் என்று பார்க்கவில்லை. எனக்கு நோகும் என்று அவர் அந்தப் படத்தைப் பற்றிப் பேசவில்லை. அவருக்கு நோகும் என்று நான் கேட்கவில்லை. விரல்கள் என் கண்ணுக்குத் தெரிகின்றன என்றே அவர் நினைத்திருக்கக்கூடும். இனிக் கேட்க ஆளில்லை.

5

உர்சுலாவிடம் அந்தப் பக்கத்தைக் காட்டியபோது, வெட்டு இருக்கும் இடத்தில் பின்னால் ஒரு வண்ணத் தாள் வைத்தால் எடுப்பாக இருக்கும் என்றார். வேண்டாம் என்றேன். பால்நிறத் தாளே அந்த இடத்தில் தெரிகிறது. முக்கோணங்களை மாட்டித்தான் வைத்திருக்கிறேன், பசை பூச மனம் வரவில்லை. பக்கத்தில் எழுதவேண்டிய கதையை மூன்று தடவை தொடங்கினேன். நான்காவது தடவை எழுதியதைத்தான் நீங்கள் இப்போது வாசிக்கிறீர்கள். ஆரணி அந்தப் பையனின் படத்தைத் தன் கைபேசியிலிருந்து அழித்துவிட்டாள். நான் சொல்லவில்லை. எனக்குள்ளிருந்து அவனை எப்படி அழிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. இன்றும் சில நாட்களில் அண்ணனை நினைத்தால் அவன்தான் வருகிறான்.

படத்தைப் பெரிதாக்கி ஒரு பிரதி எடுத்து மலரக்காவுக்கு அனுப்பினேன். கிடைத்த அன்று அழைத்தார். கணவர் அதைக் கல்குடாப் பக்கம் கொண்டுபோய்க் கண்ணாடிச் சட்டம் போட்டு வந்து, முன்னறையில் தானே ஆணி அடித்து மாட்டியிருக்கிறாராம்.

"உங்களுக்கு ஒண்டும் வில்லங்கம் இல்லையே?" என்று கேட்டேன்.

"என்ன வில்லங்கம்? வாற ஆக்கள் கேட்டா, எங்கட சொந்தக்காரர் எண்டு இவரே சொல்றார்" என்றார்.

அந்தப் பக்கம் யாரோ வாளியில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.

"ரெண்டு வருசத்துக்கு முந்தித் தெரிஞ்சிரிக்கக் கூடாதா தங்கச்சி" என்றார். "நான் பழுகாமத்துக்குப் போய்ச் சொல்லியிரிப்பன். மாமி, ஒங்கட மகன்ட கை எங்கட வீட்டில இரிக்கு எண்டு."

அவர் என் அம்மாவை மாமி என்று சொல்லி அன்றுதான் கேட்டேன். அம்மா அதை ஒருநாளும் கேட்கவில்லை.